பரவைக்கடலில் நடக்கத் தெரிந்தவர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை. மாரியில் ஓடிக் கோடையில் வறண்டுபோகும் வழுக்கையாற்றை ஆறென்று நாம் சொல்லிக்கொள்வது ஊர்ப்பற்றினால் வந்த பெருந்தன்மை. 1950-களில் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் வகுத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டம் பெயரளவிலேனும் நமக்கு ஓர் ஆற்றைத் தந்தது. ஆறில்லாத ஊரிற் பிறந்ததனாலோ என்னவோ, தூரதேசத்து ஆறுகளில் மீன்பிடிப்போரைப் பற்றி வாசிப்பதில் எனக்கு நெடுநாளாக ஒரு தனிப் பிரியம் உண்டு.

அவ்வாறு வாசித்தவற்றுள் என் மனத்தை விட்டகலாதது, ஆபிரிக்காவின் தென்பாகத்து ஆறுகளில் மஞ்சள்மீன் பிடிப்போரின் கதை. கெண்டை இனத்தைச் சேர்ந்தது அம்மீன்; பொன்னிறச் செதில் உடையது; நமது மகாவலியில் வாழும் லேயியா மீனுக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். அதனைப் பிடிப்பதற்கு அவர்கள் புழுவையோ இறாலையோ கோப்பதில்லை. இறகையும் நூலையும் தூண்டில் முள்ளிற் கட்டிப் பூச்சியைப்போற் செய்து, கனமான கயிற்றைச் சாட்டைபோற் சுழற்றி, அந்தப் பொய்ப்பூச்சியை நீரின்மேல் மெல்ல விழச் செய்கின்றனர். இது ஒரு நுண்ணிய கலை. நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் ட்ரவுட் மீனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத் துரைமார் கொண்டுவந்து விட்டதும் இக்கலைக்காகவே.

ஆனால் ஆபிரிக்காவின் தாழ்நில ஆறுகள் நுவரெலியா ஓடைகள் அல்ல. அங்கே மீன் நிற்கும் வேகநீருக்குப் பக்கத்து மடுவில் முதலை கிடக்கும். இரவெல்லாம் கரையிற் புல் மேய்ந்த நீர்யானை விடியற்காலையில் ஆற்றுக்குத் திரும்பும். அது திரும்பும் வழியில் ஒருவன் தூண்டிலோடு நின்றுவிட்டால், ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட அந்த உடம்பு வழிவிலகிச் செல்வதில்லை. ஆகையால் அந்நாட்டு மீன்பிடிகாரன் முதலிற் கற்பது கயிறு வீசுவதை அன்று, கால் வைப்பதை. எந்த மணலில் முதலையின் வயிறு இழுபட்ட தடம் இருக்கிறது, எந்த நாணற்பாதை நீர்யானையின் பாதை, எங்கே நீர் முழங்காலுக்கு மேல் ஏறினால் திரும்பிவிட வேண்டும் என்பன அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவும் தெரிந்து, மீனையும் பிடித்து, பிடித்த மீனை அவன் திரும்பவும் ஆற்றிலேயே விட்டுவிடுகிறான்! இதனை நான் ஒருமுறை பண்ணைப் பாலத்தடியில் வீச்சுவலை வீசும் முதியவர் ஒருவருக்குச் சொன்னபோது, அவர் முதலையைப் பற்றியோ நீர்யானையைப் பற்றியோ வியப்படையவில்லை. "பிடிச்சதை விடுகிறவனோ? அப்ப அவனுக்கு வீட்டில ஆர் சமைச்சுக் குடுக்கிறது, மாஸ்ரர்?" என்று கேட்டார்.

அவர் கேள்வி அவரோடு இருக்கட்டும். அந்த ஆறுகளுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டென்பதை வாசகர் அறிந்தால் வியப்புறுவர். வன்னிக் குளங்களில் 'யப்பான் மீன்' என்று பெயர் பெற்று விளங்கும் திலாப்பியா யப்பானிலிருந்து வந்ததன்று. மொசாம்பிக் முதலிய தென்கிழக்கு ஆபிரிக்கப் பகுதிகளில், மஞ்சள்மீன் வாழும் அதே ஆறுகளில் வாழ்வது அது. 1952-ஆம் ஆண்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டுக் குளங்களில் விடப்பட்டது. அங்கே முதலைக்கு அஞ்சி வாழ்ந்த மீன், இங்கே கட்டுக்கரைக் குளம் முதலியவற்றிலும் முதலைக்கு அஞ்சியே வாழ்கிறது. வன்னிக் குளத்தில் வலை வைப்போர் சிறுதோணியிற் செல்வதற்கும், கண்ட இடத்தில் இறங்கி நடவாமைக்கும் காரணம் அதுவே.

குடாநாட்டின் கதை வேறு. நம்முடைய நீர், பரவைக்கடல். புவியியல் நூலார் கடல்நீரேரி என்று எழுதுவர். கரையில் வாழ்வோர் பரவைக்கடல் என்றே சொல்வர். யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் பரப்பு ஏறத்தாழ 400 சதுர கிலோமீற்றர். அராலி, நாவாந்துறை, காக்கைதீவு, குருநகர், கொழும்புத்துறை, தனங்கிளப்பு, கிளாலி என்று அதனைச் சுற்றி ஊர்கள். பரப்பிற் பெரிதாயினும் ஆழத்தில் மிகச் சிறிது; கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேல் நீர் ஏறாத இடங்கள் பல. ஆதலால் உலகின் வேறெங்கும் படகு செய்யும் வேலையை இங்கே மனிதனின் இரு கால்களே செய்கின்றன. இடுப்பில் ஓலைப்பறி, தோளில் வீச்சுவலை, சிலர் கையில் ஒரு கோல்; இவ்வளவோடு கடலுக்குள் நடந்து செல்வோரைப் பண்ணை வீதியிற் பேருந்தில் செல்லும் நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். கண்டோம் என்பதன்றி அவர்கள் எவ்வாறு நடக்கிறார்கள் என்பதைக் கவனித்தவர் எத்தனை பேர்?

இந்த ஆழமின்மையை மனிதருக்கு முன்பே அறிந்தவை யானைகள். வன்னிக் காட்டு யானைகள் நீரில் இறங்கி நடந்து குடாநாட்டுக்கு வந்த துறையே ஆனையிறவு என்பது நாம் கேட்டுவரும் பெயர்க்காரணம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் யானை வணிகத்தை இங்கே பெருந்தொழிலாக நடத்தினர். பிடித்த யானைகள் கப்பலேறிய துறை ஊர்காவற்றுறை. அதன் ஆங்கிலப் பெயராகிய 'கைற்ஸ்' என்பது துறைமேடை என்னும் பொருளுள்ள போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்ததென்பர். யானை நடந்த கடல் இது என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். இன்று அங்கே யானை இறங்குவதில்லை, உப்பு விளைகிறது.

முதலையும் பழந்தமிழர் கழிகளுக்குப் புதியதன்று. குறுந்தொகையின் 324-ஆம் பாட்டில் தோழி தலைவனிடம் சொல்வது இதுவே: வளைந்த காலுடைய ஆண்முதலை வழிமறிக்கும் துறையில், மீன்கூட்டம் நிறைந்த கழியை நீந்தி நீ இரவில் வருகிறாய், இவளோ அதை நினைந்து கலங்குகிறாள், இரட்டைப் பிள்ளைகள் நஞ்சுண்டதைக் கண்ட தாயைப்போல நான் உங்கள் இருவருக்குமாக அஞ்சுகிறேன் என்கிறாள். அப்புலவருக்குக் கவைமகன் என்ற பெயரே அந்த உவமையால் வந்தது. வகுப்பில் இப்பாட்டைப் படிப்பிக்கும்போதெல்லாம், முதலையை நாம் ஏதோ காவிய அலங்காரம் என்று கடந்துபோகிறோம். கழியில் காலிட்டு நடப்பவனுக்கு அது அலங்காரம் அன்று.

நமது பரவைக்கடலில் நடப்பவனுக்கு முதலையின் இடத்தில் இருப்பது திருக்கை. திருக்கை என்றதும் யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைக்கு நினைவு வருவது அதன் வால். பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் பிள்ளைகளைத் தண்டிக்க வைத்திருந்த திருக்கைவாலின் சுவடு முதுகில் இருப்போர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். நமது கல்வி, திருக்கையிடமிருந்து பெற்றுக்கொண்டது அந்த வால் ஒன்றுதான். அதற்கப்பால் அந்த மீனைப் பற்றி எதனையும் அது கற்பிக்கவில்லை.

திருக்கை மனிதனைத் தேடி வருவதில்லை. தட்டையான உடம்பை மணலுக்குள் புதைத்து, கண்களை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு கிடக்கும். யாராவது அதன் முதுகில் மிதித்தால் வால் மேலெழுந்து வளைந்து அடிக்கும். வாலில் இருக்கும் முள் அரம்போற் பின்னோக்கிய பற்களை உடையது. ஆகையால் உள்ளே செல்லும்போது செய்யும் காயத்தைவிட வெளியே வரும்போது செய்யும் காயம் பெரிது. முள்ளைப் போர்த்திருக்கும் மெல்லிய தோலிலே விஷம் இருக்கிறது. பட்டவர் படும் வேதனையை நேரிற் கண்டால் அன்றி நம்புவது கடினம். திடமான ஆண்கள் மண்ணிற் புரண்டு அழுவார்கள். அவுஸ்திரேலியாவில் வனவிலங்குகளைப் படமெடுத்து உலகப் புகழ்பெற்ற ஸ்ரீவ் இர்வின் முதலைகளோடு விளையாடி வாழ்ந்தவர்; 2006-ஆம் ஆண்டு செப்ரெம்பர் 4-ஆம் நாள் அவர் உயிரைக் கொண்டுபோனது முதலை அன்று, மார்பிற் பாய்ந்த திருக்கை முள்.

இதற்குப் பரவைக்கடல் மக்கள் கண்ட காப்பு, நடை. அந்த முதியவரோடு நான் முதன்முதல் நீரில் இறங்கியபோது, என் வயதையும் உத்தியோகத்தையும் பாராமல் அவர் எனக்கு நடக்கப் பழக்கினார்.

"காலைத் தூக்கி வைக்காதேங்கோ, மாஸ்ரர். நிலத்தோட இழுத்துக்கொண்டு வாங்கோ."

"ஏன் அண்ணை?"

"மேல வந்து விழுகிற காலுக்குத்தான் அது அடிக்கும். பக்கத்தில வந்து முட்டுகிற காலுக்கு அது எழும்பிப் போயிடும்."

இதற்கு மேல் ஒரு விலங்கியல் பேராசிரியரும் சொல்வதற்கில்லை. அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் கடற்கரைக்கு வருவோருக்கு இதே நடையை இன்று பலகையில் எழுதி வைத்துக் கற்பிக்கின்றனர். நம்மவர் அதனைப் பலகையில் எழுதவில்லை. தந்தையின் பின்னே மகன் இடுப்பளவு நீரில் நடந்து கற்றுக்கொண்டான்.

நான் சப்பாத்து அணிந்து வரட்டுமா என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் மறக்கற்பாலதன்று. "சப்பாத்துப் போட்டால் கால் குருடாய்ப் போயிடும்" என்றார். அவருடைய பாதம் சேற்றையும் சாதாழையையும் மணலையும் சிப்பி நிலத்தையும் வேறு வேறாகப் படிக்கிறது. மணல் சற்று மென்மையாகப் புடைத்திருந்தால் கால் நிற்கிறது. நீரின் மேற்பரப்பிற் சிறு நெளிவு கண்டால் கண் நிற்கிறது. அடுத்த கணத்தில் வலை வட்டமாக விரிந்து விழுகிறது. மணலை, திரளி, ஓரா, சில நாள் ஒரு கொடுவா. மாரி வெள்ளம் இறங்கி நீர் கலங்கியிருக்கும்போது அவர் நடப்பதில்லை. திருக்கையின் முள் தடித்த சப்பாத்தையும் துளைக்கும் என்பதைப் பின்னர் வாசித்தறிந்தேன். ஆகவே அவர் சொன்னதில் அனுபவமும் விஞ்ஞானமும் ஒருங்கே இருந்தன.

இப்போது இக்கட்டுரையை எழுதத் தூண்டிய காரணத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் படித்த மாணவன் ஒருவன், தோட்டங்கள் சூழ்ந்த உள்ளூர்க் கிராமத்தவன், நண்பர்களோடு பரவைக்கடலில் குளிக்கச் சென்றான். பாலத்தடியிலிருந்து நீருக்குள் குதித்தான். விழுந்த கால் திருக்கையின்மேல் விழுந்தது. கணுக்காலுக்குக் கீழே முள் பாய்ந்தது. நண்பர்கள் செய்தது என்ன? குளிர்ந்த தண்ணீர் ஊற்றினார்கள். ஒருவன் ஓடிப்போய் ஐஸ் வாங்கி வந்தான். இன்னொருவன் கயிறு கொண்டு காலை இறுகக் கட்டினான். எல்லாரும் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்தவர்கள். அவனோ வலி தாங்காது அலறிக்கொண்டிருந்தான்.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண்மணி வந்து கட்டை அவிழ்த்தெறிந்தார். அடுப்பிலிருந்த வெந்நீரை வாளியில் ஊற்றி, தம் கையை விட்டுப் பார்த்து, பொறுக்கக்கூடிய சூட்டில் அவன் காலை அதற்குள் வைத்தார். ஆற ஆற மேலும் வெந்நீர் விட்டுக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்துள் அலறல் முனகலாயிற்று. பின்னர் வைத்தியசாலையில் முள்ளின் முறிந்த துண்டை வெளியே எடுத்தார்கள். அந்த அம்மையார் செய்ததே இன்று மருத்துவ நூல்கள் விதிக்கும் முதலுதவி. திருக்கை விஷம் சூட்டினாற் சிதையும் இயல்புள்ளது. ஏறத்தாழ 45 பாகை செல்சியஸ் சூடுள்ள நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி வரை காயத்தை அமிழ்த்தி வைக்க வேண்டும். அடிபட்ட கால் சூட்டை உணராது வெந்துவிடக்கூடும் என்பதால், வேறொருவர் கையினாலேயே சூட்டைப் பார்க்க வேண்டும். காயம் மார்பிலோ வயிற்றிலோ பட்டிருந்தால் முள்ளைப் பிடுங்காமல் வைத்தியசாலைக்கு விரைய வேண்டும். ஓரா மீனின் முள், கெளிற்றின் முள், தீவுப்பகுதிக் கற்பார்களில் கல்லைப்போற் கிடந்து 13 முதுகு முட்களால் குத்தும் கல்மீனின் முள் ஆகிய எல்லாவற்றுக்கும் முதலுதவி இதுவே. கூழுக்குள் போட்டு நாம் சுவைத்துண்ணும் ஓராவுக்கும் விஷ முள் உண்டென்பது கூழ் குடிப்போரிற் பலருக்குத் தெரியாது. அதனைக் கழுவிக் கொடுக்கும் கைகளுக்கு நன்றாகத் தெரியும்.

கடற்பாம்பின் காரியம் வேறு. அதற்கு வெந்நீர் பயன்படாது. துடுப்புப்போல் தட்டையான வால் உடையதாகையால் விலாங்கிலிருந்து அதனைப் பிரித்தறியலாம். நடப்பவனை அது கடிப்பது அரிது. வலையிற் சிக்கி, அதனை எடுக்கப் போகும் கையையே பெரும்பாலும் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அதிகம் இல்லாமையால் பலர் பொருட்படுத்தாது விட்டுவிடுவர். சில மணி நேரத்தின் பின் உடம்பெங்கும் தசைவலி தொடங்கும், சிறுநீர் கருக்கும். நாட்டில் வழங்கும் இந்தியப் பாம்புக்கடி மருந்து நாகம், விரியன் முதலிய நிலப்பாம்புகளுக்கு உரியது. கடற்பாம்பு விஷத்தை முறிப்பதற்கு ஆக்கப்பட்டதன்று. ஆகவே கடிபட்ட கையை அசையாமல் வைத்து, துணியால் அளவாகச் சுற்றி, தாமதமின்றி வைத்தியசாலையிற் சேர்ப்பதே வழி. இப்பாம்புகளுள் மிகக் கொடியதொன்றுக்குப் பழைய விலங்கியல் நூல்களில் இட்ட இலத்தீன் பெயருக்குள் 'வலக்கடியென்' என்றொரு சொல் இருக்கிறது. சோழமண்டலக் கரையில் நம் மீனவர் வாயிற் கேட்ட சொல்லை ஐரோப்பியர் அப்படியே எழுதிக்கொண்டனர் போலும். வலைகடியன் என்று அதனைப் படித்துப் பாருங்கள். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. நம் மொழியின் ஒரு சொல் உலக விஞ்ஞானத்தில் இடம்பெற்றதென்று தமிழ்ச் சங்கங்களில் பேசத்தக்க செய்தி இது. ஆனால் அச்சொல்லைத் தந்தவன் சங்கத்து மேடையில் அமர்ந்தவன் அல்லன்.

கடலிற் காயம்பட்டவன் என்ன செய்வான்? குறுந்தொகையிலேயே 269-ஆம் பாட்டில் கல்லாடனார் அதற்கு விடை தந்திருக்கிறார். தலைவி தன் வீட்டு நிலைமையைச் சொல்கிறாள்: சுறா எறிந்த புண் ஆறியதும் தந்தை மீண்டும் கடலுக்குப் போய்விட்டான், தாய் உப்பைக் கொடுத்து நெல் வாங்கிவர உப்பளத்துக்குப் போயிருக்கிறாள். தலைவன் வருவதற்கு இதுவே தக்க சமயம் என்பது அவள் குறிப்பு. உரையாசிரியர்கள் அந்தக் குறிப்பில் தங்கள் திறமையெல்லாம் காட்டுவர். என் மனம் நிற்பது அந்தத் தந்தையிடத்தில். அவனுடைய வீரத்தைப் புகழ ஒரு சொல்லும் பாட்டில் இல்லை. புண் ஆறியது, போனான், அவ்வளவே. பண்ணையடி முதியவரின் இடது காலிலும் பழைய தழும்பு ஒன்று உண்டு. எத்தனை நாள் படுத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "பதினைஞ்சு நாள், பிறகு பட்டினி கிடக்கேலாதே" என்றார்.

விலங்குகளை மட்டும் சொல்லி நிறுத்தினால் இக்கடலுக்கு அநீதி செய்தவனாவேன். 1990-களின் முற்பகுதியில் தரைப்பாதைகள் மூடப்பட்டிருந்தபோது, கிளாலிக் கரையிலிருந்து மக்கள் இரவிருளில் படகேறி இந்நீரேரியைக் கடந்தனர். கடக்கும் வழியிற் பலர் கொல்லப்பட்டனர். போர்க்காலத்தில் நெடுநாள் மீனவர் கால் வைக்க முடியாதிருந்த கரைகளும் பல. அக்காலத்துக் கொடுமைகளில் திருக்கைக்கும் பாம்புக்கும் பங்கில்லை. இன்று நடப்பவர் காலை வெட்டுவது பெரும்பாலும் பாலத்திலிருந்து எறியப்படும் உடைந்த போத்தல். அதற்கு இழுத்து நடக்கும் நடை உதவாது. இழுத்து நடப்பவனையே அது ஆழமாக வெட்டும். காலங்காலமாகக் காப்பாற்றிய நடையையே நமது குப்பை பொய்யாக்கிவிட்டது என்பதை அவர் எனக்குக் காட்டியபோது, நான் வாய் பேசாது நின்றேன். அண்மைக் காலத்தில் கடலட்டைப் பண்ணைகளுக்காக நடப்பட்ட கம்புகளும் வலைகளும் வேறு. நடந்து தொழில் செய்வோர் சுற்றிப்போக வேண்டியிருக்கிறது. பண்ணையால் வருமானம் பெறுவோரும் அக்கரைகளில் இருக்கிறார்கள். வழி அடைபட்டது என்று முறையிடுவோரும் இருக்கிறார்கள்.

முதியவரின் மக்கள் இருவர். ஒருவர் வெளிநாட்டில், மற்றவர் இயந்திரப் படகில் ஆழ்கடல் செல்பவர். தகப்பனோடு நீரில் நடக்க எவரும் இல்லை. நமது பாடசாலைகளிலோ, கடல்நீரேரியைப் படமாக வரைந்து நீலம் தீட்டும் பிள்ளைகளுக்கு அதில் எப்படிக் காலிடுவது என்று சொல்லும் ஒரு பாடத்தை இதுவரை நான் காணவில்லை.

சென்ற ஐப்பசியில் அவரிடம் என் எண்ணத்தைச் சொன்னேன்: மாணவர் சிலரை அழைத்துவந்தால் நடை பழக்குவீர்களா? வலையிற் கிழிந்த கண்ணிகளைப் பின்னிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "தண்ணி தெளியட்டும், மாஸ்ரர். தை பிறந்த பிறகு கூட்டிக்கொண்டு வாங்கோ. ஒரேயடியாய் நாலு பேருக்கு மேல வேண்டாம், நீரைக் கலக்கிப்போடுவினம். வாற அண்டைக்கு வீட்டில சுடுதண்ணி வைக்கச் சொல்லுறன்" என்றார்.